பை பார்த்துக்கொள்பவர்

கொரட்டூர் வீட்டிலிருந்து அந்தப் பார்க்குக்கு
நாற்பத்தெட்டு கிலோமீட்டர்.
"அதுக்கு எதுக்கு ரெண்டு ராத்திரி ரூமு?
சாயங்காலம் வந்து ரசம் சாப்பிட்டுட்டு
காலையில திரும்பப் போலாமே" என்றார் தணிகாசலம்.
ரசம் யார் வைப்பது என்று நான் கேட்கவில்லை.
ஃபோனில் ஒரு புது ஷீட் திறந்தேன்.

மே வேண்டாம், சிமென்ட் தரை கால் பொசுக்கும்.
நவம்பர் வேண்டாம்,
அந்த மாதம் எங்கள் தெருவே வாட்டர் பார்க்.
போன முறை எதிர்வீட்டு கமலக்கண்ணன்
துணி ஊறவைக்கும் டப்பை ஓட்டிக்கொண்டு வந்து
பால் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்,
டிக்கெட் கிடையாது.
ஆயுத பூஜை லீவில் மெட்ராஸே அங்கேதான் நிற்கும்.
ஜனவரி சரி, வார நாள் சரி,
சஹானாவுக்கு ரிவிஷன் டெஸ்ட்.

அப்புறம் பணம்.
நைலான் உடுப்பு இல்லாமல் தண்ணீரில் விடமாட்டார்களாம்,
வாடகைக்கு அவர்களே தருவார்களாம்.
கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டால்
வரிசையில் நிற்க வேண்டாம், அதற்குத் தனி.
"காசு குடுத்தா முன்னாடி போலாமா?" என்றான் நிகேதன்.
"நீ கோயிலுக்கே போனதில்லையா" என்றாள் அவன் அக்கா.

தலைகீழாகத் திருப்பிப் போடும் ராட்டினத்துக்கு
நூற்று முப்பது சென்டிமீட்டர் வேண்டும்.
ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரில் பென்சில் கோடு:
நூற்று இருபத்தைந்தரை.
குதிகாலைத் தூக்காதே என்றேன்.
முடியையும் சேர்க்கணும் என்றான்.

அந்த நாலரை சென்டிமீட்டருக்காகக் காத்திருந்தோம்.
அறை வாடகையை மூன்று முறை அழித்து எழுதினேன்.
அவன் முட்டை தின்னப் பழகினான்,
கேட் கம்பியில் தொங்கினான்.
கீல் கழன்று வீட்டுக்காரர் மேலே வந்தார்.
அந்த அறுநூறு ரூபாயையும்
சுற்றுலாச் செலவில்தான் போட்டேன்.

ஷீட்டில் ஒரு கட்டம் மட்டும் நிரம்பவேயில்லை:
பை யார் பார்த்துக்கொள்வது?
நான்கு ஃபோன், என் கண்ணாடி, எட்டுச் செருப்பு,
லாக்கரில் அடங்காத துண்டுகள்.
யாராவது ஒருவர் கீழே நிற்க வேண்டும்.
ஆனால் நால்வரும் ஒரே கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து
ஒரே நேரத்தில் கத்துவதுதானே திட்டம்.
வீட்டில் முறை வைத்துத்தான் கத்துகிறோம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
அம்பத்தூர் எஸ்டேட்டில், காலை ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம் இருக்க,
தணிகாசலம் மெஷின் மேல் சாய்ந்தார்.
"ஒரே ஒரு ஸ்டென்ட்தாம்மா" என்றார் டாக்டர்,
தள்ளுபடி சொல்வதுபோல.
அறைக்கென்று வைத்திருந்த பணம் அறைக்கே போனது:
முகப்பேர், மூன்றாவது மாடி,
இருவர் தங்கலாம், காலை டிபன் உண்டு.

அங்கே எடை மெஷினோடு உயரக் கோலும் இருந்தது.
பொழுது போகாத நர்ஸ் நிகேதனை ஏறி நிற்கச் சொல்லியிருக்கிறார்.
அவன் எங்களிடம் மூச்சுவிடவில்லை.
சட்டை துவைக்கும்போது பையில் ஒரு மருந்துச் சீட்டு,
பின்பக்கம் நீல மையில்
130, அடியில் ஒரு கோடு.

பிப்ரவரியில் சாப்பாட்டு மேஜையில் அவரே ஆரம்பித்தார்.
என் ஃபோனை வாங்கி, விதிமுறைகளை
பஸ் ஸ்டாப் பெயர்கள் மாதிரி சத்தமாகப் படித்தார்:
"முதுகுவலி, கர்ப்பிணி, இதய நோயாளி."
சஹானா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நிகேதன் தனக்கு அந்த ராட்டினம் பிடிக்காது என்றான்,
ரொம்ப வேகமாக.

அவர் ஷீட்டைத் திறந்து
காலிக் கட்டத்தில் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார்.
ஃபோன் அதைத் தணிக்கை என்று திருத்தியது.
அப்படியே விட்டுவிட்டு,
"ரெண்டு ராத்திரிக்கே போடு" என்றார்.
"நாற்பத்தெட்டு கிலோமீட்டர்னா சும்மாவா."

கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பக் கிடைக்காது,
சம்மதமா என்று கேட்டது திரை.
ரசம் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது.
சம்மதம் என்று அழுத்திவிட்டு
அணைக்க ஓடினேன்.